பாலூட்டும் தலையணை வாங்கலாமா? வீட்டுத் தலையணையில் மூன்று நாள் சோதித்துவிட்டு முடிவெடுங்கள்

பிறந்த குழந்தை ஒரு நாளில் 8 முதல் 12 முறை பால் குடிக்கும். ஒரு தடவைக்கு 20 நிமிடம் ஆகலாம், 40 நிமிடமும் ஆகலாம். கூட்டிப் பார்த்தால் தினமும் நான்கைந்து மணி நேரம், ஏறக்குறைய மூன்று கிலோ எடையைக் கையில் தாங்கியபடி அம்மா அசையாமல் உட்கார்ந்திருக்கிறார். தோளும் கழுத்தும் மணிக்கட்டும் வலிக்காமல் என்ன செய்யும்? இடுப்பைச் சுற்றி லாட வடிவில் அமரும் பாலூட்டும் தலையணை இந்தப் பாரத்தைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்டது.

பாரத்தைத் தாங்குவது மட்டும்தான் அதன் வேலை. குழந்தை மார்பைச் சரியாகக் கவ்வவில்லை, காம்பில் புண் வந்துவிட்டது என்பதற்காக அதை வாங்கினால் பயன் இருக்காது. உயரம் பொருந்தாத தலையணையால் கவ்வும் விதம் இன்னும் கெட்டுப்போவதும் உண்டு. அதனால் பிரசவத்துக்கு முன்பே வாங்கி வைக்காதீர்கள். பிரசவத்துக்குப் பிறகு மார்பின் அளவும் வயிற்றின் சுற்றளவும் மாறும். குழந்தைக்கு எந்த நிலை பிடிக்கும் என்பதும் அப்போதுதான் தெரியும்.

சோதனை செய்வது எப்படி

சாதாரணத் தலையணை இரண்டு, குளியல் டவல் இரண்டு, ஒரு கைத்துண்டு, ஓர் அளவு நாடா. இவ்வளவு போதும்.

1. முதுகு முழுவதும் சாய்ந்திருக்கும்படி உட்காருங்கள். பாதம் இரண்டும் தரையில் படிய வேண்டும். எட்டவில்லை என்றால் கீழே ஒரு முக்காலி போடுங்கள். தோளை ஒருமுறை காது வரை தூக்கி, அப்படியே தொப்பென்று விடுங்கள். அது விழுந்து நிற்கும் இடம்தான் உங்கள் தோளின் இயல்பான உயரம்.

2. மார்பை எதனாலும் தூக்கிப் பிடிக்காமல், தொடையின் மேற்பரப்பிலிருந்து காம்பு வரை அளந்துகொள்ளுங்கள். 22 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். நாற்காலியில் ஓர் அளவு வரும், சம்மணமிட்டு உட்கார்ந்தால் வேறு அளவு வரும். வழக்கமாக எங்கே உட்கார்ந்து பால் கொடுப்பீர்களோ அங்கேயே அளங்கள்.

3. குழந்தை ஒருக்களித்துப் படுத்திருக்கும்போது அதன் வாய், படுத்திருக்கும் பரப்பிலிருந்து சுமார் 5 செ.மீ. மேலே இருக்கும். தலையின் அகலம் 9, 10 செ.மீ. என்பதால் அதில் பாதி. தலைக்குக் கீழே உங்கள் முன்கையை வைப்பீர்கள் என்றால் இன்னும் 5, 6 செ.மீ. உயரும். 22 செ.மீ.யில் இரண்டையும் கழித்தால் 11 அல்லது 12 மிஞ்சும். உங்களுக்குத் தேவையான தலையணை உயரம் அதுதான், அதுவும் குழந்தையின் எடையில் அமுங்கிய பிறகு இருக்க வேண்டிய உயரம்.

4. இப்போது தலையணை எதுவும் இல்லாமல் குழந்தையை எடுங்கள். அதன் வயிறு உங்கள் வயிற்றோடு ஒட்டியிருக்கட்டும். காது, தோள், இடுப்பு மூன்றும் ஒரே கோட்டில் வர வேண்டும். மூக்கு காம்புக்கு நேராக இருக்கட்டும். கொட்டாவி விடுவதுபோல் வாயை அகலத் திறக்கும்போது குழந்தையை மார்புக்குக் கொண்டுவாருங்கள். நீங்கள் குனிந்து மார்பைக் குழந்தைக்குக் கொண்டுபோக வேண்டாம்.

5. நன்றாகக் கவ்விக் குடிக்கத் தொடங்கியபின், கை எங்கே கனக்கிறது என்று கவனியுங்கள். முழங்கையா, மணிக்கட்டா, குழந்தையின் பின்பக்கமா? அந்த இடைவெளியில் மட்டும் தலையணையையோ மடித்த டவலையோ செருகுங்கள். முதலில் கவ்வல், பிறகுதான் தலையணை. இந்த வரிசை மாறுவதால்தான் பாதிப் பிரச்சினை வருகிறது.

ஐந்து நிமிடம் கழித்துப் பாருங்கள். தோள் இன்னும் கீழே இருக்கிறதா? குழந்தையின் கன்னம் குழிவிழாமல் உப்பியிருக்கிறதா? தாடை மார்பில் படிந்து, கீழுதடு வெளியே மடிந்திருக்கிறதா? காம்பைச் சுற்றியுள்ள கருவட்டம் கீழுதட்டுப் பக்கத்தைவிட மேலுதட்டுப் பக்கம் அதிகம் தெரிய வேண்டும். குடித்து முடித்து வாயை எடுத்ததும் காம்பைப் பாருங்கள். உருண்டையாக இருந்தால் நல்லது. நசுங்கி, ஒரு பக்கம் சரிவாகச் சீவியதுபோல் இருந்தால் கவ்வல் ஆழமாக இல்லை என்று அர்த்தம்.

இரவு நேரத்தையும் சேர்த்து மூன்று நாள் இப்படிச் செய்யுங்கள். டவல் ஒன்றிரண்டிலேயே கை வலி நின்றுவிட்டால் தனியாக எதுவும் வாங்க வேண்டாம். ஒவ்வொரு முறையும் நான்கு உருப்படி அடுக்க வேண்டியிருக்கிறது, பாதியில் சரிகிறது, அதைச் சரிசெய்யக் கையை எடுத்தால் குழந்தை வாயை விடுகிறது என்றால் தாராளமாக வாங்கலாம்.

யாருக்கு உண்மையாகவே உதவும்

சிசேரியன் ஆனவர்களுக்கு. குழந்தை உதைக்கும் உதை தையல்மேல் நேராகப் படாது. ஆனால் தலையணையின் கீழ்விளிம்பே தையலை அழுத்தவும் கூடும். அப்படியானால் இடுப்பைச் சுற்றிப் போடாமல் ஒரு பக்கமாக வையுங்கள். குழந்தையின் கால் உங்கள் அக்குளுக்கு அடியில் முதுகுப்பக்கம் நீட்டியிருக்க, தலை முன்னால் வரும்படி படுக்கவையுங்கள். வயிற்றின்மேல் எந்தப் பாரமும் இருக்காது.

இரட்டைக் குழந்தைகளுக்கு ஒரே நேரத்தில் கொடுப்பவர்களுக்கு இது ஏறக்குறைய அவசியம் என்றே சொல்வோம். அவர்களுக்கு அகலமான, மேற்பரப்பு தட்டையான, இடுப்பில் பட்டை போட்டுக் கட்டும் பெரிய வகைதான் சரி. கவ்வச் சிரமப்படும் குழந்தையை முதலில் வையுங்கள். இரண்டாவதை இன்னொருவர் எடுத்துக் கொடுக்கட்டும்.

கட்டைவிரல் பக்கம் மணிக்கட்டு வலி பல புதிய அம்மாக்களைப் படுத்தும். மணிக்கட்டை மடக்கி அதன்மேலேயே குழந்தையின் தலையைத் தாங்குவது அதைக் கிளப்பும். அவர்களுக்கும், கையில் வலு குறைந்தவர்களுக்கும், குறைமாதத்தில் பிறந்த சிறிய குழந்தையை நெடுநேரம் ஒரே நிலையில் தாங்க வேண்டியவர்களுக்கும் தலையணை நல்ல துணை.

அதிகம் உதவாத இடங்களும் உண்டு. பின்னால் நன்றாகச் சாய்ந்து குழந்தையை மார்பின்மேல் குப்புறப் போட்டுக் கொடுப்பவர்களுக்கு அவர்கள் உடம்பே குழந்தையைத் தாங்கிவிடும். ஒருக்களித்துப் படுத்துக் கொடுப்பவர்களுக்கும் வேலை இல்லை. உடல் குட்டையாகவோ மார்பு பெரிதாகவோ இருந்து காம்பு மடிக்கு அருகிலேயே இருந்தால் எந்தத் தலையணையும் உயரம் மிஞ்சித்தான் போகும். மார்பு கனமாக இருந்தால் கைத்துண்டைச் சுருட்டி மார்புக்கு அடியில் வைத்துப் பாருங்கள். காம்பு கண்ணுக்குத் தெரியும், ஒரு கையும் மிச்சமாகும்.

எங்கே தவறுகிறது

உயரம் கூடினால் தலையணை மார்பை மேலே தள்ளிவிடும். குழந்தை கவ்வியபின் மார்பு தன் இயல்பான இடத்துக்கு இறங்கப் பார்க்கும், அந்த இழுப்பெல்லாம் காம்பின்மேல் விழும். தோளும் காது பக்கம் ஏறிவிடும். தலையணையைப் போட்ட பிறகு கழுத்து வலி கூடிவிட்டது என்றால் முதலில் இதைச் சந்தேகியுங்கள்.

உயரம் குறைந்தால் அம்மா குனிவார். கொஞ்ச நேரத்தில் முதுகு வலித்து நிமிர்வார். குழந்தையின் வாயிலிருந்து மார்பு நழுவி, கடைசியில் காம்பின் நுனி மட்டும் மிஞ்சும். இதற்குத் தலையணைக்கு அடியில் ஒரு டவலை மடித்து வைத்தாலே போதும்.

இவற்றைவிட அதிகமாக நடப்பது வேறொன்று. தலையணை தட்டையாக இருப்பதால் குழந்தையை அதன்மேல் மல்லாக்கப் படுக்கவைத்து, தலையை மட்டும் மார்புப் பக்கம் திருப்பிவிடுகிறார்கள். நீங்களே ஒரு வாய் தண்ணீரை வைத்துக்கொண்டு, தலையை முழுவதும் தோள் பக்கம் திருப்பி விழுங்கிப் பாருங்கள். எவ்வளவு சிரமம் என்று உடனே புரியும். குழந்தையின் உடம்பு முழுவதும் உங்கள் பக்கம் திரும்பியிருக்க வேண்டும். முதுகுப்பக்கம் ஒரு சுருட்டிய டவலை வைத்தால் உருண்டு மல்லாக்க விழாது.

நான்காவது, வயிற்றுக்கும் தலையணைக்கும் நடுவே இடைவெளி விழுவது. குழந்தை மெல்ல அதற்குள் சரியும், தாடை நெஞ்சோடு மடங்கும். உருண்டையான மேற்பரப்பு உள்ள மென்மையான வகைகளில் இது அதிகம்.

கவ்விய முதல் அரை நிமிடம், ஒரு நிமிடத்தைத் தாண்டியும் வலி நீடித்தால், அல்லது பிறந்த ஐந்தாம் நாளுக்குப் பிறகும் குழந்தை ஒரு நாளில் ஆறு முறைக்குக் குறைவாகச் சிறுநீர் கழித்தால், தலையணையை மாற்றிக்கொண்டிருக்காமல் மருத்துவரையோ பாலூட்டல் ஆலோசகரையோ பாருங்கள்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

கடையில் உட்கார்ந்து மடியில் வைத்துப் பாருங்கள். மேலே மூன்று கிலோ எடையுள்ள ஏதாவது ஒன்றை வைத்து, அமுங்கிய உயரத்தை அளங்கள். அது உங்கள் கணக்கிலிருந்து 2 செ.மீ. குறைந்தால் டவல் வைத்துச் சரிசெய்யலாம். கூடினால் சரிசெய்ய வழியில்லை. அதனால் சந்தேகம் வந்தால் உயரம் குறைந்ததையே எடுங்கள்.

விரலால் அழுத்தினால் உடனே எழும்ப வேண்டும். அழுத்திய குழி அப்படியே நின்றால் விட்டுவிடுங்கள். குழந்தையின் முகம் புதையும் அளவுக்கு மென்மையானது வேண்டவே வேண்டாம். இழைப் பஞ்சு அடைத்தது சில வாரத்தில் அமுங்கித் தட்டையாகும். கெட்டியான ஸ்பாஞ்ச் உயரத்தைக் காக்கும், ஆனால் துவைத்தால் காய நாளாகும். உறை தனியாகக் கழற்றும்படி இருக்கட்டும், மாற்று உறை ஒன்றும் வேண்டும். பால் சிந்தும், குழந்தை எதுக்களிக்கும், ஒரு உறையால் ஒரு நாளை ஓட்ட முடியாது. இடுப்புப் பட்டை இருந்தால் மேலே சொன்ன இடைவெளி விழாது. குழந்தையைத் தலையணையோடு சேர்த்துக் கட்டும் பட்டை இருந்தால் அந்தத் தலையணையே வேண்டாம்.

குழந்தை தூங்கிவிட்டால்

தயவுசெய்து இதை இரண்டு முறை படியுங்கள். பாலூட்டும் தலையணை தூங்கும் இடம் அல்ல. சிறு குழந்தைக்குத் தலை கனம், கழுத்தில் வலு இல்லை. வளைவான தலையணையில் தலை முன்னால் மடங்கினாலோ பின்னால் தொங்கினாலோ மூச்சுக்குழாய் அடைபடும், அழும் சத்தம்கூட வராது. அமெரிக்காவின் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம், 2010 முதல் 2022 வரை இந்தத் தலையணைகள் சம்பந்தப்பட்ட 150க்கும் மேற்பட்ட குழந்தை மரணங்களைக் கணக்கெடுத்தது. 2024இல் இதற்கென்று தனி விதி கொண்டுவந்து, தலையணை போதிய கெட்டியாக இருக்க வேண்டும், உள்வளைவு குழந்தையின் தலை அசைவைத் தடுக்கக் கூடாது, குழந்தையைக் கட்டும் பட்டை இருக்கக் கூடாது என்று ஆணையிட்டது.

பால் குடித்து முடித்ததும் குழந்தையைத் தட்டையான, கெட்டியான படுக்கையில் மல்லாக்கப் படுக்கவையுங்கள். தொட்டிலிலோ கட்டிலிலோ இந்தத் தலையணை இருக்கவே கூடாது. புட்டிப்பாலை இதில் சாய்த்து வைத்துக் குழந்தையைத் தனியே விட்டுப் போவதும் கூடாது. இரவில் கண் சொக்கும் நேரத்தில் சோபாவிலோ சாய்வு நாற்காலியிலோ உட்கார்ந்து கொடுக்காதீர்கள். அங்கே குழந்தையோடு அம்மா தூங்கிவிடுவது மிகவும் ஆபத்தானது. விழித்திருக்கும் இன்னொருவரைப் பக்கத்தில் இருக்கச் சொல்லுங்கள்.

பெரும்பாலும் மூன்று நான்கு மாதத்தில் தலையணையின் தேவை தானாகவே குறையும். குழந்தை ஆறு கிலோவை நெருங்கும், உடம்பு பருத்திருப்பதால் மடியில் வைத்தாலே வாய் மார்புக்கு எட்டும். அந்த வயதில் பழைய தலையணையைத் தொடர்ந்து போட்டால் உயரம் மிஞ்சி, ஆறியிருந்த காம்பு வலி திரும்ப வரலாம். வேறொரு அம்மாவுக்குக் கொடுப்பதாக இருந்தால் உட்புறம் அமுங்கிப் பள்ளமாகவில்லையா, தையல் பிரிந்து பஞ்சு வெளியே வரவில்லையா என்று பார்த்துவிட்டு, உறையை வெந்நீரில் துவைத்துக் கொடுங்கள்.