தேவ சித்தம் அறிந்து முடிவெடுப்பது எப்படி?

ஜெபிக்க முழங்கால் போடுவதற்கு முன் கேள்வியை ஒரே வரியில் எழுதிவிடுங்கள். "ஆண்டவரே, என் எதிர்காலத்தைக் காட்டும்" என்று கேட்டால், பதில் வந்தாலும் அதுதான் பதில் என்று தெரியாது. "இந்த வேலையை விட்டு முழுநேர ஊழியத்துக்குப் போகலாமா? 30ஆம் தேதிக்குள் சொல்ல வேண்டும்" என்று எழுதினால் ஜெபமும் நேராகிவிடும்.

அதற்குக் கீழே, உங்கள் மனம் ஏற்கெனவே எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதையும் எழுதுங்கள். பலரும் தாண்டிப் போய்விடும் படி இதுதான். எரேமியா 42ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். கர்த்தரிடம் கேட்டுச் சொல்லும், நன்மையானாலும் தீமையானாலும் கீழ்ப்படிகிறோம் என்று யூதாவின் ஜனங்கள் தீர்க்கதரிசி எரேமியாவிடம் வந்து நிற்கிறார்கள். பத்து நாள் கழித்துப் பதில் வருகிறது: இந்தத் தேசத்திலேயே தங்குங்கள், எகிப்துக்குப் போகாதீர்கள். கேட்டதும், நீ பொய் சொல்கிறாய் என்று அவர்மேலேயே பாய்கிறார்கள். காரணம் முந்தின அதிகாரத்தின் கடைசியில் இருக்கிறது: எகிப்துக்குப் போகவென்றே கிளம்பி, பெத்லகேமுக்கு அருகே வந்து தங்கியிருந்த பிறகுதான் அவர்கள் கேட்கவே வந்தார்கள். விருப்பம் இருப்பது பாவமில்லை. கெத்செமனேயில் இயேசுவும் தம் விருப்பத்தைப் பிதாவிடம் சொன்ன பிறகே "உம்முடைய சித்தத்தின்படியே ஆகக்கடவது" என்றார். நீங்களும் சொல்லிவிடுங்கள். "இல்லை" என்ற பதிலை ஏற்க மனம் வராவிட்டால், அந்த மனதுக்காகவே முதலில் ஜெபியுங்கள்.

அடுத்து, வேதம் ஏற்கெனவே பேசிய விஷயமா என்று பாருங்கள். பொய்க்கணக்கு எழுதச் சொல்லும் வேலைக்கு உபவாசமிருந்து சித்தம் கேட்க வேண்டியதில்லை. வேதம் தடை செய்யாத இரண்டு நல்ல வழிகள் முன்னால் இருந்தால், அதில் ஒன்றைத் தவறவிட்டால் வாழ்க்கையே போய்விடும் என்று பயப்படவும் வேண்டாம். விதவையின் மறுமணத்தைப் பற்றி எழுதும்போதுகூட, கர்த்தருக்குட்பட்டவனாக இருக்க வேண்டும் என்று எல்லை வைத்துவிட்டு, யார் என்பதைப் பவுல் அவளுடைய விருப்பத்துக்கே விடுகிறார் (1 கொரிந்தியர் 7:39).

வேதத்தைக் கண்ணை மூடித் திறந்து, விரல் பட்ட வசனத்தைப் பதிலாக எடுத்துக்கொள்ளாதீர்கள். முன்னும் பின்னும் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் எடுத்த வசனம் நாம் நினைத்ததைத்தான் சொல்லும். ஒரு புத்தகத்தைத் தொடர்ச்சியாக, நாளுக்கு ஓர் அதிகாரமாக வாசியுங்கள். மனதைத் தொடும் வசனத்தைத் தேதியோடு குறித்து, அது யாருக்கு, எதற்காகச் சொல்லப்பட்டது என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள்.

அதிகம் பேர் சறுக்குவது அடையாளங்களில்தான். கிதியோன் ஆட்டுத்தோலைத் தரையில் போட்டு, அதில் பனி பெய்வதை அடையாளமாகக் கேட்டதைப் பலர் முன்மாதிரியாகக் காட்டுகிறார்கள். ஆனால் மீதியானியரோடு போரிடப் போ என்ற கட்டளை அதற்கு முன்பே அவனுக்குக் கிடைத்துவிட்டது. திறந்த கதவும் அப்படியே. நினிவேக்குப் போ என்ற கர்த்தருடைய கட்டளையை விட்டு ஓடிய யோனா, யோப்பா துறைமுகத்துக்குப் போனபோது தர்ஷீசுக்குப் போகிற கப்பல் தயாராக நின்றது. கட்டணம் கொடுக்கப் பணமும் இருந்தது. நமக்குப் பிடித்த கதவு திறந்தால் "கர்த்தர் திறந்தார்", மூடினால் "சத்துரு தடுக்கிறான்" என்று சொல்கிறோமா என்று கவனியுங்கள். அப்படியானால் அந்தக் கதவிலிருந்து எதையும் தெரிந்துகொள்ள முடியாது.

ஆலோசனைக்கு மூன்று பேர் போதும்: உங்கள் பலவீனம் தெரிந்தவர் ஒருவர், அந்தத் துறை தெரிந்தவர் ஒருவர், வசனத்தில் தேறியவர் ஒருவர். உங்கள் முடிவால் லாபமடைகிறவர் இதில் வேண்டாம். "கர்த்தர் என்னோடு பேசினார்" என்று தொடங்காதீர்கள். அதற்குமேல் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். போருக்குப் போகலாமா என்று கேட்ட இஸ்ரவேல் ராஜா ஆகாபைச் சுற்றி ஏறக்குறைய 400 தீர்க்கதரிசிகள் ஒரே குரலில் "போம்" என்றார்கள். உண்மை மிகாயா என்ற தீர்க்கதரிசி ஒருவனிடம் இருந்தது. துரோவா பட்டணத்தில், மக்கெதோனியாவுக்கு வரச் சொல்லும் தரிசனம் கண்டது பவுல் ஒருவர்தான். ஆனால் "நாங்கள் நிச்சயித்துக்கொண்டு" என்று பன்மையில் எழுதுகிறார் லூக்கா. யாராவது உங்களுக்குத் தீர்க்கதரிசனம் சொன்னாலும் அதை அற்பமாக எண்ணாமல் சோதித்துப் பாருங்கள். அதை மட்டும் நம்பித் திருமணமோ இடமாற்றமோ செய்யாதீர்கள்.

மனதில் சமாதானம் இருக்கிறதா என்பதை ஒரே நாளில் அளக்காதீர்கள். கஷ்டமான வழியைக் கைவிட்டதும் வரும் நிம்மதியும் சமாதானம் போலவே இருக்கும். எழுச்சிக் கூட்டம் முடிந்த இரவிலோ, கோபத்திலோ, தூக்கமில்லாமலோ முடிவெடுக்க வேண்டாம். நன்றாகத் தூங்கி எழுந்த சில காலைகளில் அதே முடிவு நிற்கிறதா என்று பாருங்கள்.

ஜெபிக்கும் நாட்களில் விசாரிப்பதையும் நிறுத்தாதீர்கள். எருசலேமின் மதில் இடிந்து கிடப்பதைக் கேட்டு ஜெபித்த நெகேமியா, யூத நாட்காட்டியின் கிஸ்லேவ் மாதம் தொடங்கி நிசான் மாதம் வரை, ஏறக்குறைய நான்கு மாதம் காத்திருந்தார். அவர் பணி செய்த பெர்சிய ராஜா கேட்டபோது எவ்வளவு காலம், எந்த அதிபதிகளுக்குக் கடிதம், மரம் யாரிடம் என்று எல்லாவற்றுக்கும் கையில் பதில் இருந்தது. எருசலேமுக்குப் போனதும் இரவில் சில பேரோடு மதிலைச் சுற்றிப் பார்த்த பிறகே வாய் திறந்தார்.

குறித்த தேதியில் முடிவெடுத்து, காரணங்களை எழுதி வையுங்கள். முதல் கஷ்டத்திலேயே அதைக் கலைக்காதீர்கள். மக்கெதோனியாவுக்குக் கீழ்ப்படிந்து போன பவுலும் சீலாவும் பிலிப்பியில் சிறையில்தான் இருந்தார்கள். ஆனால் நீங்கள் நம்பிய தகவலே பொய் என்று தெரிந்தால், அல்லது வசனம் தெளிவாகத் தடுத்தால், திரும்பிவிடுங்கள். ஆலயம் கட்டலாம் என்று தாவீதிடம் சொன்ன தீர்க்கதரிசி நாத்தான், அன்று இரவே நீ கட்ட வேண்டாம் என்று கர்த்தருடைய வார்த்தை வந்ததும் தாவீதிடம் போய் அதைச் சொன்னார்.