தேர்வுக்கு முந்தின நாள்: படிப்பதா, ஓய்வெடுப்பதா?

நாளைக்குப் பெரிய தேர்வு என்றால் இன்றைக்கு நம்மைச் சுற்றி இரண்டு கட்சி கிளம்பிவிடும். "இனிமேல் படித்து என்ன ஆகப்போகிறது, மூடி வை, மனசு லேசாக இருக்கட்டும்" என்பது ஒரு கட்சி. "கடைசி நாள் படித்ததுதான் அப்படியே நினைவில் நிற்கும், விட்டுவிடாதே" என்பது இன்னொன்று. இரண்டிலும் பாதி உண்மை இருக்கிறது, அதனால்தான் இந்த வாக்குவாதம் தீர்ந்தபாடில்லை.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காலையில் படியுங்கள், மதியத்துக்கு மேல் குறைத்துக்கொள்ளுங்கள், மாலையில் நிறுத்துங்கள், வழக்கமாகத் தூங்கும் நேரத்துக்குத் தூங்கிவிடுங்கள். மொத்தமாக மூன்று, நான்கு மணி நேரம் போதும். அதற்குள் எதைப் படிக்கிறீர்கள், எப்படிப் படிக்கிறீர்கள் என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

முழு நாளும் ஓய்வு என்பது கேட்க நன்றாக இருக்கும். ஆனால் பல மாதம் படித்துக்கொண்டே இருந்தவருக்குத் திடீரென்று கையில் ஒரு வேலையும் இல்லாத பன்னிரண்டு மணி நேரம் கிடைத்தால், அந்த இடத்தைப் பயம் வந்து நிரப்பிக்கொள்ளும். படம் பார்க்க உட்கார்ந்தாலும் பாதியில் "அந்த நாலாவது யூனிட்டில் ஒன்று விட்டோமே" என்று மனசு போகும். ஆகவே கொஞ்சம் படிப்பது மனசுக்கும் நல்லது, ஞாபகத்துக்கும் நல்லது.

காலை: வாசிக்காதீர்கள், எழுதிப் பாருங்கள்

முந்தின நாள் பெரும்பாலோர் செய்வது, நோட்ஸை முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை மறுபடி வாசிப்பது. இதில் ஒரு ஏமாற்று இருக்கிறது. ஏற்கெனவே பார்த்த வரிகள் என்பதால் எல்லாமே தெரிந்தமாதிரி தோன்றும். பார்த்தால் அடையாளம் தெரிவது வேறு, வெள்ளைத் தாளில் நாமாக எழுதுவது வேறு. தேர்வில் கேட்பது இரண்டாவதைத்தான்.

ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட சோதனை ஒன்று இருக்கிறது. மாணவர்களிடம் ஒரு பாடப்பகுதியைக் கொடுத்து, சிலரை அதை மறுபடி வாசிக்கச் சொன்னார்கள், சிலரைப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதச் சொன்னார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது மறுபடி வாசித்தவர்கள்தான் கொஞ்சம் முன்னே இருந்தார்கள். இரண்டு நாள் கழித்துக் கேட்டபோதும் ஒரு வாரம் கழித்துக் கேட்டபோதும் எழுதிப் பார்த்தவர்கள் தெளிவாக முந்திவிட்டார்கள். வேடிக்கை என்னவென்றால், அதே ஆய்வின் இன்னொரு பகுதியில், திரும்பத் திரும்ப வாசித்தவர்களுக்குத்தான் "எனக்கு நன்றாக நினைவிருக்கும்" என்ற நம்பிக்கை அதிகமாக இருந்தது.

எனவே காலையில் இப்படிச் செய்யுங்கள். ஒரு யூனிட்டின் பெயரை மட்டும் தாளின் மேலே எழுதிக்கொண்டு, அதில் உங்களுக்குத் தெரிந்ததையெல்லாம் பத்து நிமிடம் கிறுக்குங்கள். அழகாக இருக்க வேண்டாம், முழு வாக்கியம் வேண்டாம், அம்புக்குறி போட்டால்கூடப் போதும். அப்புறம் நோட்ஸைத் திறந்து விட்டுப்போனதை வேறு நிற மையில் சேருங்கள். அந்த வேறு நிறத்தில் இருப்பதுதான் இன்றைக்கு நீங்கள் படிக்க வேண்டியது, மற்றதை விட்டுவிடலாம். ஒரு யூனிட்டுக்கு அரை மணி நேரத்துக்கு மேல் போகாது. நாற்பது, ஐம்பது நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து கொஞ்சம் நடந்துவிட்டு வாருங்கள்.

எல்லாப் பகுதியையும் இப்படிச் செய்ய நேரம் இருக்காது. சூத்திரங்கள், ஆண்டுகள், வரையறைகள், படங்கள், வரிசையாகச் சொல்ல வேண்டியவை ஆகியவைதான் சீக்கிரம் நழுவுபவை, அவற்றுக்கு முதலிடம் கொடுங்கள். நன்றாகப் புரிந்துகொண்ட கருத்து ஒரே இரவில் ஓடிப்போகாது. இதோடு, முன்பு எழுதிய மாதிரித் தேர்வுகளில் எங்கெல்லாம் தவறு செய்தீர்கள் என்று புரட்டிப் பாருங்கள். என் கணக்கில் முந்தின நாளில் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள அரை மணி நேரம் அதுதான், ஏனென்றால் ஒரே தவற்றைத்தான் நாம் திரும்பத் திரும்பச் செய்வோம்.

முழு மாதிரித் தேர்வு மட்டும் இன்றைக்கு எழுத வேண்டாம். மதிப்பெண் குறைந்தால் அதைச் சரிசெய்ய நாள் இல்லை, மனசு உடைந்ததுதான் மிச்சம். நன்றாக வந்தாலும் மூன்று மணி நேர உழைப்பு வீண். கணக்கு மாதிரியான பாடம் என்றால், கை பழக்கம் விடாமல் இருக்க, நன்றாகத் தெரிந்த வகையில் நாலைந்து கணக்கு போட்டுப் பாருங்கள், போதும்.

இன்னும் படிக்காத பாடம் இருந்தால்?

யாருக்குத்தான் இருக்காது. இதுவரை தொடாத ஒன்றைப் பார்க்கலாமா என்பதற்கு நான் வைத்திருக்கும் அளவுகோல்: அதற்கு நல்ல மதிப்பெண் உண்டா, ஒரு மணி நேரத்தில் அதன் அடிப்படையாவது பிடிபடுமா? இரண்டுக்கும் "ஆமாம்" என்றால் காலையிலேயே, மூளை புதிதாக இருக்கும்போதே பாருங்கள். ஒன்றுக்கு "இல்லை" என்றாலும் விட்டுவிடுங்கள். மாலைக்கு மேல் புதிய பாடத்தைத் திறப்பது மட்டும் எந்தக் கணக்கிலும் சேராது. புரியாத ஒன்றைப் பார்த்துப் பதறி, அந்தப் பதற்றத்தில் தெரிந்ததிலும் சந்தேகம் வந்துவிடும். தவிர, ஒன்றைப்போல ஒன்று இருக்கும் விஷயங்களை அடுத்தடுத்துப் படித்தால் பின்னால் படித்தது முன்னால் படித்ததைக் குழப்பும், இது நினைவாற்றல் ஆய்வுகளில் பலமுறை பார்க்கப்பட்ட விஷயம்.

சரி, ஒன்றுமே படிக்காதவர்கள்? இவர்களுக்கு "ஓய்வெடுங்கள்" என்று சொல்வது வெறும் வாய் உபசாரம். உங்களுக்கு இன்றைக்கு முழு நாள் வேலை இருக்கிறது, அதை ஒத்துக்கொண்டு ஆரம்பிக்கலாம். பழைய கேள்வித்தாள்களை எடுத்து அடிக்கடி வருகிற, அதிக மதிப்பெண் உள்ள தலைப்புகளை மட்டும் குறியுங்கள், சிலபஸ் முழுவதையும் ஓட்டிப் பார்க்கும் ஆசையை அங்கேயே விட்டுவிடுங்கள். ஒவ்வொன்றிலும் பாதி பதிலாவது எழுதும் அளவுக்குப் படியுங்கள், விரிவாக எழுதும் தேர்வுகளில் பாதி பதிலுக்கும் மதிப்பெண் கிடைக்கும். உங்களுக்கு மாலையில் நிறுத்த வேண்டும் என்ற விதி கிடையாது. ஆனால் இரவு முழுக்க விழிப்பது மட்டும் வேண்டாம்.

இரவு விழிப்பின் கணக்கு

1997இல் டாசன், ரீட் என்ற ஆய்வாளர்கள் நேச்சர் இதழில் எழுதிய சிறு கட்டுரை ஒன்று தூக்க ஆய்வில் அடிக்கடி பேசப்படும். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருந்தவர்களின் கண்-கை ஒருங்கிணைப்பு, ரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவரின் அளவுக்கு இறங்கியிருந்தது. 24 மணி நேரம் ஆனபோது அது ஏறக்குறைய 0.10 சதவீத அளவுக்குப் போனது. இப்போது உங்கள் கணக்கைப் போட்டுப் பாருங்கள். இன்று காலை 6 மணிக்கு எழுந்து, தூங்காமலே நாளை 10 மணிக்குத் தேர்வறையில் உட்கார்ந்தால் 28 மணி நேரம் ஆகிறது. அந்த நிலையில் கேள்வியில் உள்ள "தவறானது எது" என்பதை "சரியானது எது" என்று படித்துவிட்டு வருவதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது?

இன்னொரு பக்கமும் உண்டு. தூங்கும் நேரம் படிப்புக்கு நஷ்டம் என்று நினைக்கிறோம், ஆனால் படித்தது மூளையில் ஊன்றுவதில் தூக்கத்துக்குப் பங்கு இருக்கிறது. 1924இலேயே ஜென்கின்ஸ், டாலன்பாக் இருவரும், அர்த்தமற்ற அசைகளை மனப்பாடம் செய்துவிட்டுத் தூங்கியவர்கள், அதே அளவு நேரம் விழித்திருந்தவர்களைவிடக் குறைவாகவே மறந்தார்கள் என்று காட்டினார்கள். அதற்குப் பிறகு வந்த பல ஆய்வுகளும் அந்தத் திசையில்தான் போகின்றன. இரவு 1 மணிக்கு இன்னும் இரண்டு அத்தியாயம் என்று இழுக்கும்போது, புதிதாகச் சேர்ப்பதற்காகப் பகல் முழுக்கச் சேர்த்ததைக் கரைக்கிறீர்கள்.

இதைப் படித்துவிட்டு எட்டு மணிக்கே போய்ப் படுத்துக்கொள்ளாதீர்கள். அதுவும் பலர் மாட்டிக்கொள்ளும் இடம். வழக்கமாகத் தூங்கும் நேரத்துக்கு முந்தைய இரண்டு, மூன்று மணி நேரத்தில் நம் உடல் கடிகாரம் விழிப்பைத்தான் பலமாகப் பிடித்து வைத்திருக்கும். பதினொரு மணிக்குத் தூங்கிப் பழகியவர் எட்டு மணிக்குப் படுத்தால் புரண்டு புரண்டு படுப்பார், அப்புறம் "தூக்கமே வரலையே" என்ற கவலை சேர்ந்து பதினொரு மணித் தூக்கத்தையும் கெடுக்கும். வழக்கத்தைவிட அரை மணி நேரம் முன்னால் படுங்கள், அவ்வளவுதான்.

காபி குடிப்பவர்கள் மதியத்தோடு நிறுத்திவிடுவது நல்லது. குடித்த காஃபீனில் பாதி உடலிலிருந்து வெளியேற, ஆளைப் பொறுத்து மாறினாலும், சராசரியாக ஐந்து மணி நேரம் ஆகும். படுப்பதற்கு ஆறு மணி நேரம் முன்பு 400 மில்லிகிராம் காஃபீன் எடுத்தவர்களுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் தூக்கம் குறைந்ததாக 2013இல் வந்த ஓர் ஆய்வு சொல்கிறது. அது பல கோப்பைக்குச் சமமான அளவுதான், ஆனால் தேர்வுக் காலத்தில் நாம் கோப்பைகளை எண்ணுவதில்லையே. இதுவரை எடுத்திராத தூக்க மாத்திரையை இன்றைக்கு முதன்முதலாகப் போட்டுப் பார்க்கும் எண்ணம் இருந்தால், வேண்டாம்.

எல்லாம் செய்தும் தூக்கம் வரவில்லை என்றால்? ஒரு இருபது நிமிடம் பாருங்கள், பிறகு எழுந்து மங்கலான வெளிச்சத்தில் சுவாரஸ்யமில்லாத எதையாவது செய்யுங்கள். போனைத் தொடாதீர்கள், நோட்ஸையும்தான். கண் சொக்கியதும் திரும்பப் படுங்கள். ஒரே ஒரு இரவு தூக்கம் குறைந்ததால் தேர்வு போய்விடாது, முந்தைய இரவுகளில் ஒழுங்காகத் தூங்கியிருந்தால் காலையில் தேர்வுப் படபடப்பே உங்களை விழிப்பாக வைத்திருக்கும். கடிகாரத்தை மட்டும் திரும்பித் திரும்பிப் பார்க்காதீர்கள்.

மதியம் செய்ய வேண்டிய சில்லறை வேலைகள்

ஹால் டிக்கெட், அடையாள அட்டை, பேனாக்கள், அனுமதி உண்டென்றால் கால்குலேட்டர், தண்ணீர் பாட்டில். இதை இரவு பத்து மணிக்கு எடுத்து வைப்பவர்கள்தான் அதிகம். அப்போதுதான் பிரிண்ட் எடுக்க மறந்தது தெரியும். மதியமே முடித்துவிட்டால், ஏதாவது விட்டுப்போயிருந்தாலும் சரிசெய்ய நேரம் இருக்கும். ஹால் டிக்கெட்டில் உள்ள அறிவுரைகளையும் அப்படியே ஒருமுறை வாசித்துவிடுங்கள், தேர்வு தொடங்கும் நேரம் ஒன்றாகவும் வாசல் மூடும் நேரம் வேறாகவும் இருக்கும் தேர்வுகள் உண்டு. தேர்வு மையத்துக்குப் போகும் வழியும் ஆகும் நேரமும் தெரியாதென்றால் இன்றே பாருங்கள்.

மாலையில் நடக்கப் போங்கள், விளையாடுங்கள், வீட்டில் இருப்பவர்களோடு பேசுங்கள், எதுவும் பரவாயில்லை. புதிதாக எதையும் சாப்பிட்டுப் பார்க்க வேண்டாம். படிப்பு வாட்ஸ்அப் குழுவை நாளை மதியம் வரை மியூட்டில் போட்டுவிடுங்கள், "இது கண்டிப்பா வரும்" என்று இரவு ஒன்பது மணிக்கு வரும் செய்தியால் யாருக்கும் மதிப்பெண் வந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. பெற்றோர் யாராவது இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள்: "எல்லாம் முடிச்சிட்டியா?" என்று இன்றைக்குக் கேட்காதீர்கள். முடித்திருந்தால் அந்தக் கேள்வி தேவையில்லை, முடிக்கவில்லை என்றால் அதனால் ஒரு பயனும் இல்லை.

எல்லாத் தேர்வும் ஒன்றில்லை

மனப்பாடம் அதிகம் தேவைப்படும் தேர்வுக்கு மேலே சொன்ன காலை வேலை பலன் தரும். திறனறித் தேர்வு, மொழித்திறன் தேர்வு மாதிரியானவற்றில் ஒரு நாளில் பெரிதாக எதுவும் மாறாது. அங்கே நான் ஓய்வுக் கட்சிதான், கேள்விகளின் அமைப்பையும் நேரப் பங்கீட்டையும் ஒருமுறை பார்த்துவிட்டு மூடிவிடலாம். வாய்மொழித் தேர்வு என்றால் மனசுக்குள் படித்தால் போதாது, பதில்களைச் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். தொடர்ந்து நாலைந்து நாள் தேர்வு இருப்பவர்களுக்கு ஒவ்வொரு நாளும் "முந்தின நாள்"தான். அவர்கள் எழுதி முடித்த தாளின் விடைகளை யாரோடும் ஒப்பிடாமல் வீட்டுக்கு வந்து, இருபது நிமிடம் கண்ணயர்ந்துவிட்டு, அடுத்த பாடத்தை எடுப்பது நல்லது.

பயம் அதிகம் உள்ளவர்களுக்கு ஒரு சின்ன உத்தி. தேர்வுக்குச் சற்றுமுன் பத்து நிமிடம் தங்கள் கவலைகளைத் தாளில் எழுதிய மாணவர்கள், குறிப்பாகத் தேர்வுப் பயம் அதிகம் இருந்தவர்கள், மேலும் நன்றாக எழுதியதாக 2011இல் சயின்ஸ் இதழில் ராமிரெஸ், பைலாக் இருவரும் எழுதினார்கள். எல்லோருக்கும் ஒத்துவரும் என்று சொல்ல மாட்டேன். செலவு பத்து நிமிடமும் ஒரு தாளும்தான், பயந்த சுபாவம் என்றால் முயன்று பாருங்கள்.

தேர்வு நாள் காலைக்கு என்று ஒரே ஒரு பக்கம் வைத்துக்கொள்ளுங்கள், முந்தின நாள் வேறு நிற மையில் சேர்த்தவற்றில் இன்னும் உறுத்துகிறவை மட்டும் அதில் இருக்கட்டும். கிளம்பும் முன் ஒருமுறை, மையத்தில் உட்கார்ந்து ஒருமுறை பார்த்துவிட்டுப் பைக்குள் போடுங்கள். தேர்வு மதியம் என்றால் காலையில் கொஞ்சம் நேரம் கூடுதலாகக் கிடைக்கும், அதையும் இந்தப் பக்கத்துக்கே கொடுங்கள், புத்தகத்தைத் திறக்க வேண்டாம். வாசலில் யாராவது ஓடிவந்து "அந்த ஏழாவது யூனிட் பார்த்தியா?" என்று கேட்டால், பார்த்தேன் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுங்கள், பார்க்காவிட்டாலும்.