தெற்கு சூடான் குடும்பங்களுக்கு உதவும்போது தாயை ஓரங்கட்டாதீர்கள்

மெல்போர்னில் டான்டினாங், செயின்ட் ஆல்பன்ஸ் பக்கம் வசிக்கும் தமிழர்களுக்குத் தெற்கு சூடான் குடும்பங்கள் புதிது அல்ல. பிள்ளைகள் ஒரே பள்ளியில் படிக்கிறார்கள், நாம் ஒரே மார்க்கெட்டில் காய் வாங்குகிறோம். உதவ வேண்டும் என்ற மனசும் நம்மில் நிறையப் பேருக்கு இருக்கிறது. ஆனால் செய்கிற உதவி பல நேரம் அந்த வீட்டுத் தாயைக் கேட்காமலே நடந்து முடிந்துவிடுகிறது. நான் பார்க்கும் தவறுகளில் பெரும்பாலானவை இதிலிருந்து கிளைத்தவைதான்.

தெற்கு சூடான் 2011 ஜூலை 9 அன்று தனி நாடானது. 2013 டிசம்பரில் தலைநகர் ஜூபாவில் தொடங்கிய சண்டை உள்நாட்டுப் போராக மாறி, 2016 ஜூலையில் மறுபடியும் வெடித்தது. எல்லை தாண்டியவர்களில் பெரும்பான்மையோர் பெண்களும் குழந்தைகளும். உகாண்டாவின் பிடிபிடி அகதிகள் குடியேற்றம் 2016 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. அந்த ஆண்டு முடிவதற்குள் அங்கே இரண்டரை லட்சம் பேருக்கு மேல் சேர்ந்துவிட்டார்கள். ஆஸ்திரேலியாவுக்கு வந்தவர்களில் பலர் இன்னும் முந்தியவர்கள். 1983 முதல் 2005 வரை நடந்த சூடான் போரில் ஊரைவிட்டு ஓடி, கென்யாவின் ககுமா முகாமிலோ கெய்ரோவிலோ ஆண்டுக்கணக்கில் காத்திருந்து வந்தவர்கள். கணவரை இழந்து, அல்லது அவர் எங்கே என்றே தெரியாமல், குடிசை போட்டு, ரேஷன் வரிசையில் நின்று பிள்ளைகளைக் கரைசேர்த்த பெண்கள் அவர்களில் எத்தனையோ பேர். அப்படிப்பட்டவரை ஒன்றும் தெரியாதவராக நடத்துவதைவிடப் பெரிய தவறு இல்லை.

அடுத்தது, பிள்ளையை மொழிபெயர்க்கச் சொல்வது. எல்லாரும் செய்கிறோம், ஏனென்றால் அதுதான் வசதி. டாக்டர் அறையில் தாய்க்கும் டாக்டருக்கும் நடுவில் பன்னிரண்டு வயசுப் பையன் உட்கார்ந்திருக்கிறான் என்று வையுங்கள். மாதவிடாய்க் கோளாறைப் பற்றி அவள் மகனிடம் எப்படிச் சொல்வாள்? வயிற்று வலி என்று சொல்லி முடித்துக்கொள்வாள். டாக்டர் சொல்லும் நீளமான பதிலில் பையனுக்குப் புரிந்தது பாதி. "சரியாகிடும்னு சொல்றாங்க" என்பான். இப்படியே பள்ளிக் கடிதம், வாடகை ஒப்பந்தம், வங்கி என்று எல்லாம் அவன் வழியாகவே போனால், வீட்டில் யார் பேச்சு எடுபடும் என்பதும் மெல்ல மாறிவிடும். பள்ளியிலிருந்து புகார் வந்தால்கூட அதை மொழிபெயர்ப்பவன் அவன்தானே!

இதற்கு வழி இருக்கிறது. அரசின் டிஸ் நேஷனல் தொலைபேசி மொழிபெயர்ப்புச் சேவையின் எண் 131 450. அதற்கு முன் எந்த மொழி வேண்டும் என்று தாயிடமே கேளுங்கள். டிங்கா, நுவெர், பாரி, அச்சோலி என்று மொழிகள் ஏராளம். "அரபி பேசுவார்" என்று குறித்துக்கொண்டு லெபனான்காரரை இணைத்தால், ஜூபா அரபி பேசுகிறவருக்குப் பாதிக்கு மேல் புரியாது. 2013க்குப் பிறகான போரில் டிங்கா, நுவெர் இனத்தவர்கள் எதிரெதிராக நிறுத்தப்பட்டார்கள் என்பதையும் மறக்க வேண்டாம்; மொழிபெயர்ப்பவர் மற்ற இனத்தவராக இருந்தால் அவள் பேசத் தயங்கலாம். ஒரே இனத்தவர் என்றாலும் சிக்கல் வரலாம். சமூகம் சின்னது, மொழிபெயர்ப்பவர் கணவரின் உறவுக்காரராக இருந்துவிட்டால் அவள் வாயே திறக்க மாட்டாள். வேறு மாநிலத்தில் இருப்பவராகப் பார்த்துத் தரும்படி கேட்கலாம்.

டிங்காவில் அச்சடித்த துண்டறிக்கையைக் கொடுத்துவிட்டு வேலை முடிந்தது என்று நினைப்பதும் தவறு. பேசுகிற மொழியை வாசிக்க வாய்ப்பே கிடைக்காதவர்கள் பலர். வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு போதும்.

பெயர் விஷயத்தில் தமிழர்களுக்கு விளக்கமே தேவையில்லை. தன் பெயர், அப்பா பெயர், தாத்தா பெயர் என்பதுதான் அங்கே வழக்கம். குடும்பப் பெயர் கிடையாது. திருமணமானாலும் பெண் தன் அப்பா பெயரை விடுவதில்லை. ஆக, படிவத்தில் தாய்க்கும் மகளுக்கும் கடைசிப் பெயர் ஒத்துப்போகாது. இனிஷியலை வைத்துக்கொண்டு இங்கே நாம் பட்ட பாடு நினைவிருக்கும்தானே? அதனால் "இது உங்கள் சொந்தப் பிள்ளையா?" என்று கேட்காதீர்கள். வீட்டில் மூன்று பேருக்கும் ஜனவரி 1 பிறந்தநாள் என்று இருந்தால் சந்தேகப்படவும் வேண்டாம். சரியான தேதி பதிவில் இல்லாதவர்களுக்கு அதிகாரிகள் போட்ட தேதி அது.

போரில் என்ன பார்த்தீர்கள் என்று கேட்கவே கேட்காதீர்கள். சொல்ல விரும்பினால் அவர்களே சொல்வார்கள்.

அப்புறம், பணம். வாடகைக்கே இழுபறியாக இருக்கும் வீட்டிலிருந்து ககுமாவுக்கோ உகாண்டாவுக்கோ மாசாமாசம் பணம் போகும். "முதலில் உங்கள் வீட்டைப் பாருங்கள்" என்று புத்தி சொல்லும் தன்னார்வலர்கள் இருக்கிறார்கள். அங்கே ஒரு தங்கையின் பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம் நின்றுபோனால் அவன் படிப்பும் நின்றுவிடும். வன்னியிலிருந்த அண்ணனுக்குப் பணம் அனுப்பிய குடும்பங்களுக்கு இது நன்றாகத் தெரியும். பட்ஜெட் போட உதவுகிறீர்களா, அனுப்பும் பணத்தையும் அதில் ஒரு வரியாக எழுதுங்கள்.

உயரமான பையனைப் பார்த்ததும் பேஸ்கட்பாலா, ஃபுட்டியா (ஆஸ்திரேலிய விதிமுறைக் கால்பந்து) என்று கேட்பது நம் ஆட்களிடமும் உண்டு. ககுமாவில் பிறந்த அவெர் மாபில் ஆஸ்திரேலிய தேசியக் கால்பந்து (சாக்கர்) அணிக்கு ஆடினார், உண்மைதான். சிறுவயதில் படையில் சேர்க்கப்பட்ட டெங் அடுட் சிட்னியில் வழக்கறிஞர் ஆனதும், 2017இல் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் 'ஆண்டின் ஆஸ்திரேலியர்' விருது பெற்றதும் உண்மைதான். ஆனால் முகாமில் விட்டு விட்டுப் படித்த பையனை வயசைப் பார்த்து ஒன்பதாம் வகுப்பில் போட்டுவிடுகிறார்கள். அவனுக்கு இப்போது தேவை கணக்குச் சொல்லித்தர ஒரு ஆள். அதில் நாம் கெட்டிக்காரர்கள்தானே.

சாமான் கொடுப்பதைவிட நேரம் கொடுப்பது பெரிய உதவி. விக்டோரியாவில் 21 வயதுக்குக் கீழ் உள்ளவர்கள் லைசென்ஸ் தேர்வுக்குப் போகுமுன் 120 மணி நேரம் ஓட்டிப் பழகியிருக்க வேண்டும். பக்கத்தில் முழு லைசென்ஸ் உள்ளவர் உட்கார வேண்டும். காரே இல்லாத வீட்டில் இது எப்படி நடக்கும்? இதற்காகவே எல்2பி என்ற திட்டத்தில், பக்கத்தில் உட்கார்ந்து ஓட்டப் பழக்கும் தன்னார்வலர்களைச் சேர்க்கிறார்கள். சேருமுன் தாயிடம் பேசி, மூத்த மகளா, மகனா, யாருக்கு முதலில் என்பதை அவரையே முடிவு செய்யச் சொல்லுங்கள். லைசென்ஸ் வந்தபின் விடிகாலை ஷிப்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் அந்த வீட்டில் யாரையும் எதிர்பார்த்து நிற்க வேண்டியிருக்காது.