ஓடிக்கொண்டிருக்கும் வீட்டு லோனில் துணையின் பெயரைச் சேர்ப்பவர்கள் செய்யும் தவறுகள்

சேலத்தில் அழகாபுரத்திலோ ஜாகீர் அம்மாபாளையத்திலோ கல்யாணத்துக்கு முன்பே லோன் போட்டு வீடு வாங்கியவர்கள் பலர். சில வருடம் கழித்து, “மனைவி பேரையும் சேர்த்துடணும்” என்று வங்கிக்குப் போகிறார்கள். எதில் சேர்ப்பது என்று அப்போது தெளிவாகக் கேட்டுக்கொள்ளாததுதான் முதல் தவறு. லோனில் மட்டும் சேர்த்தால் முழுக் கடனுக்கும் அவர் பொறுப்பாளி ஆவார், வீட்டில் ஒரு சதுர அடிகூட அவருக்குச் சொந்தமாகாது. பத்திரத்தில் சேர்த்தால்தான் உரிமை வரும். அப்படிப் பங்குதாரர் ஆனவரை வங்கி வழக்கமாகக் கடனிலும் கையெழுத்துப் போடச் சொல்லும். உரிமையே இல்லாமல் கடனை மட்டும் தலையில் வாங்கிக்கொண்ட பெண்கள் நிறைய. கையெழுத்துப் போடும் முன் இந்த ஒன்றையாவது கேளுங்கள்.

அடுத்தது, வங்கிக்குச் சொல்லாமல் நேராகப் பத்திரம் எழுதுபவரிடம் போய்ப் பாதி வீட்டை மனைவிக்கு விலை வாங்காமல் செட்டில்மெண்டாக எழுதிவிடுவது. மூலப் பத்திரம் வங்கியில் இருக்கிறது. அதைக் கடனுக்கு ஈடாக ஒப்படைத்ததற்கான எம்.ஓ.டி. என்ற ஆவணத்தின் பதிவு வில்லங்கச் சான்றில் தெரியும். அனுமதியில்லாமல் சொத்தைக் கைமாற்றக் கூடாது என்று கடன் ஒப்பந்தமும் சொல்கிறது. ஆகவே முதலில் எழுத்தில் விண்ணப்பம், பிறகு வங்கியின் தடையில்லாச் சான்று, அதன் பிறகே பத்திரப் பதிவு. அது முடிந்ததும் இருவர் பெயரிலும் கூடுதல் கடன் ஒப்பந்தம், தேவைப்பட்டால் புது எம்.ஓ.டி.

செலவுக் கணக்கில் பலர் பயப்படுவது கிரயத்தையும் செட்டில்மெண்டையும் ஒன்றாக நினைப்பதால். வழிகாட்டி மதிப்பின்படி பாதி வீடு 30 லட்சம் என்று வையுங்கள். கிரயமாக எழுதினால் முத்திரைத் தீர்வை 7%, பதிவுக் கட்டணம் 2%, ஆக 2,70,000 ரூபாய். குடும்பத்துக்குள் செட்டில்மெண்ட் என்றால் முத்திரை 1%. 2023 ஜூலையில் வந்த மாற்றத்தின்படி உச்சம் 40,000. பதிவுக் கட்டணமும் 1%, உச்சம் 10,000. இந்தக் கணக்கில் 30,000-உம் 10,000-உம் சேர்ந்து 40,000 ரூபாயில் முடிந்துவிடும். நிச்சயதார்த்தம் மட்டும் முடிந்தவர் இந்தச் சலுகைக்குள் வரமாட்டார். இன்னொன்று: நிபந்தனை இல்லாமல் எழுதி, அவர் ஏற்றுக்கொண்ட செட்டில்மெண்டை மனம் மாறினால் நீங்களாகத் தனியே ரத்து செய்ய முடியாது. கோபதாபத்தில் கிழித்துப்போடும் காகிதமல்ல அது.

அதிகம் ஏமாறுவது வருமான வரியில். 40 லட்சம் பாக்கி, 8.5% வட்டி, 15 வருடம் மீதி என்றால் மாதத் தவணை சுமார் 39,400. முதல் வருட வட்டி மட்டும் சுமார் 3.35 லட்சம். சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டுக்கு ஒருவர் கழிக்கக்கூடியது 2 லட்சம்தான், மீதி 1.35 லட்சத்தை மனைவி கணக்கில் கழிக்கலாம் என்று எல்லோரும் கணக்குப் போடுகிறார்கள். அதற்கு அவர் பங்குதாரராகவும் கடன்தாரராகவும் இருக்க வேண்டும், தவணையில் அவர் பணமும் உண்மையிலேயே போயிருக்க வேண்டும், இருவரும் பழைய வரி முறையில் இருக்க வேண்டும். புதிய முறையில் குடியிருக்கும் வீட்டின் வட்டிக்குக் கழிவே கிடையாது. இதற்கும் மேல் ஒரு முடிச்சு உண்டு. விலை வாங்காமல் துணைக்கு எழுதிக் கொடுத்த வீட்டுப் பங்குக்கு, எழுதிக் கொடுத்தவரையே உரிமையாளராக வரிச் சட்டம் பார்க்கிறது. அதாவது செட்டில்மெண்ட் எழுதி மனைவி பெயரில் வட்டிக் கழிவு வாங்கும் திட்டம் அங்கேயே நின்றுவிடும். வரிக்காக மட்டும் சேர்ப்பதாக இருந்தால், பத்திரம் எழுதும் முன் ஆடிட்டரைப் பாருங்கள்.

பாதியில் பெயர் சேர்க்க மாட்டோம், புது லோன்தான் போட வேண்டும் என்று சில வங்கிகள் சொல்வதுண்டு. மாறும் வட்டி லோனாக, தனிநபர் பெயரில் இருந்தால் முன்கூட்டி முடிப்பதற்கு அபராதம் கிடையாது. அதனால் வேறு வங்கிக்கு மாற்றுவதும் ஒரு வழி. செயலாக்கக் கட்டணம், வழக்கறிஞர் கருத்து, மதிப்பீடு, எம்.ஓ.டி. செலவு எல்லாம் மறுபடி வரும் என்பதையும் கூட்டிப் பாருங்கள். மதிப்பீட்டாளர் மறுபடி வீட்டுக்கு வருவார். வரைபட அனுமதி இல்லாமல் பின்னால் எழுப்பிய மாடி அப்போதுதான் மாட்டும். ஏற்காட்டு வீடுகளில் இதை இன்னும் கூர்மையாகப் பார்ப்பார்கள். அங்கே நிலம் அரசு நிபந்தனையோடு கொடுத்த நிபந்தனைப் பட்டாவாக இருந்தால், யாருக்குக் கைமாற்றலாம் என்பதை முதலிலேயே படித்துவிடுங்கள்.

வருமானச் சான்றிலும் சறுக்கல் உண்டு. செவ்வாய்ப்பேட்டையில் கொலுசு வேலை, அம்மாப்பேட்டையில் தறி, ஏற்காட்டில் காப்பித் தோட்டம் என்று கையில் நல்ல காசு புரண்டாலும், வங்கி கேட்பது இரண்டு மூன்று வருட வரிக் கணக்கும் வங்கிக் கணக்கு வரவும். விண்ணப்பிக்கும் வாரத்தில் இரண்டு வருடக் கணக்கை ஒரே நாளில் தாக்கல் செய்தால் சந்தேகம்தான் வரும். துணையின் சிபிலையும், அதாவது கடன் வரலாற்றையும், முன்பே பாருங்கள். அவருடைய பழைய நகைக்கடன் பாக்கி உங்கள் விண்ணப்பத்தைக் கவிழ்த்துவிடும். சேர்ந்த பிறகு முழு லோனும் அவருடைய சிபிலிலும் ஏறும், நாளை அவர் தொழிலுக்குக் கடன் கேட்கும்போது இந்தத் தவணையையும் கணக்கில் எடுப்பார்கள்.

சின்ன விஷயம்போல் தெரியும் இனிஷியல் ஒரு மாதத்தை விழுங்கிவிடும். ஆதாரில் கணவர் இனிஷியல், பான் கார்டில் அப்பா பெயர், பாஸ்புக்கில் இனிஷியலே இல்லை என்றிருந்தால், பத்திரத்துக்கு முன்பே எல்லாவற்றையும் ஒன்றாக்குங்கள். பதிவான பிறகு பிழை தெரிந்தால் திருத்தல் பத்திரம் எழுத வேண்டும்.

பதிவு முடிந்ததோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். லோனுக்கு எடுத்த காப்பீடு முதல் கடன்தாரரின் உயிருக்கு மட்டும்தான். துணையும் சம்பாதித்துத் தவணை கட்டுகிறார் என்றால் அவருக்கும் தனியாக எடுக்க வேண்டும். கூட்டுப் பட்டாவுக்கும் மாநகராட்சியில் சொத்துவரிப் பெயர் மாற்றத்துக்கும் விண்ணப்பியுங்கள். சில வாரம் கழித்து வில்லங்கச் சான்று போட்டு, செட்டில்மெண்டும் புது எம்.ஓ.டி.யும் சரியான சர்வே எண்ணில் ஏறியிருக்கின்றனவா என்று பாருங்கள். பழைய வங்கியில் லோனை முடித்திருந்தால் அங்கே போட்ட எம்.ஓ.டி.க்கு, கடன் தீர்ந்தது என்று காட்டும் ரசீதுப் பத்திரம் பதிவாகியிருக்க வேண்டும். மூலப் பத்திரங்களை 30 நாளுக்குள் அவர்கள் திருப்பித் தர வேண்டும். அவர்கள் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு என்பது ரிசர்வ் வங்கி 2023-இல் போட்ட விதி.