எல்லோரும் விளையாடும் பள்ளி மைதானம்: வரைபடத்திலேயே தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாற்றுத்திறன் குழந்தைகளும் விளையாடக்கூடிய மைதானத்தை வடிவமையுங்கள் என்று மாணவர்களிடம் சொன்னால், தாளில் முதலில் வருவது பெரும்பாலும் ஒரு சாய்தளம்தான். அதன்மேல் சக்கர நாற்காலியில் ஒரு குழந்தை, பக்கத்தில் ஊஞ்சல், சறுக்கு, நாலு மரம். நல்ல தொடக்கம். ஆனால் அந்தப் படத்தை உற்றுப் பாருங்கள். குழந்தை மைதானத்துக்குள் வந்திருக்கிறது, இன்னும் விளையாடவில்லை. உள்ளே வர வழி செய்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பதுதான் மற்ற பல தவறுகளுக்கும் வேர்.

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் கிளென் லேக் தொடக்கப்பள்ளியின் கதை 2023இல் செய்திகளில் வந்தது. அந்தப் பள்ளி மைதானத்தைச் சுற்றி உயர்ந்த விளிம்பு, உள்ளே முழுக்க மரச்சில்லுகள். சக்கர நாற்காலியில் வந்த பிள்ளைகள் ஓரமாக நின்று வேடிக்கை பார்க்க வேண்டியிருந்தது. ஐந்தாம் வகுப்பு மாணவர்கள் கடைகளிலும் வீடு வீடாகவும் கேட்டு, 3 லட்சம் டாலர் திரட்டி அதை மாற்ற வைத்தார்கள். விலை உயர்ந்த விளையாட்டுக் கருவி இல்லாதது அங்கே முதல் சிக்கல் இல்லை, தரைதான் சிக்கல். நம் பள்ளிகளில் மரச்சில்லுக்குப் பதில் மணல் கிடக்கும், அவ்வளவுதான் வித்தியாசம்.

எனவே தரையிலிருந்தே தொடங்குவோம். விழுந்தால் அடிபடக்கூடாது என்று ஊஞ்சலுக்கும் சறுக்குக்கும் கீழே மணல் போடுகிறோம். அந்த மணலில் நாற்காலியின் முன்சக்கரம் புதைந்து நின்றுவிடும். ஊன்றுகோலும் அப்படியே. அதற்காக எல்லா இடத்திலும் சிமென்ட் போட்டால் விழும் குழந்தைக்கு மண்டை உடையும். இரண்டையும் தீர்ப்பது ரப்பர் தளம், ஆனால் விலை அதிகம். காசு குறைவு என்றால் ஒவ்வொரு கருவியின் ஓரம்வரை கெட்டியான, சமமான பாதை போடுங்கள். குழந்தை ஏறி இறங்கும் இடத்துக்கும் விழக்கூடிய இடத்துக்கும் மட்டும் ரப்பர் ஓடு பதிக்கலாம். மணலில் விளையாடும் இன்பத்தை யாரிடமிருந்தும் பறிக்க வேண்டாம். மேசை உயரத்தில் ஒரு மணல் தொட்டி வைத்தால், நாற்காலியில் இருப்பவரும் நிற்பவரும் ஒன்றாகக் கோட்டை கட்டலாம்.

சாய்தளத்தின் கணக்கு இன்னொரு பொறி. ஒரு அடி உயரம் ஏற 12 அடி நீளமாவது வேண்டும். வரைபடத்தில் இடம் போதவில்லை என்று நாலு அடியில் முடித்துவிட்டால், அது யாரோ பின்னால் நின்று தள்ள வேண்டிய மேடு. மைதானத்தின் தரைவழிப் பாதைக்கு அமெரிக்க விதிகள் இன்னும் மென்மையான சரிவைக் கேட்கின்றன: ஒரு அடி ஏற 16 அடி நீளம். சின்னக் கைகள் தாமே சக்கரத்தை உருட்ட வேண்டும் என்பதால் எனக்கு அந்த அளவுதான் பிடிக்கிறது. நாற்காலி முழுதாகத் திரும்ப ஒன்றரை மீட்டர் விட்டம் வேண்டும் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பாதையை மைதானத்தின் வாசலிலிருந்து வரைவதும் தவறு. வகுப்பறை வாசலிலிருந்து வரையுங்கள். வராந்தாப் படி, தண்ணீர்க் குழாய், கழிப்பறை எல்லாம் அந்த வழியில் வரும். கால் மணி நேர இடைவேளையில் பத்து நிமிடம் போய்ச் சேரவே ஆகிறது என்றால் அங்கே என்ன இருந்து என்ன பயன்?

சரி, சறுக்குக்கு வருவோம். மாணவர்களின் வடிவமைப்பில் நான் அதிகம் காணும் ஓட்டை இங்கேதான். நாற்காலியில் வரும் ஒரு சிறுமி சாய்தளம் வழியாக மேலே போகிறாள், நாற்காலியிலிருந்து சறுக்குக்கு மாறுகிறாள், சர்ரென்று இறங்குகிறாள். நாற்காலி? அது மேலேயே நிற்கிறது! இப்போது அவள் தரையில் உட்கார்ந்து யாராவது வருவார்களா என்று பார்க்க வேண்டும். இதைத் தீர்க்கப் பல வழிகள் உண்டு. நாற்காலியைக் கீழேயே விட்டுவிட்டு, இருக்கை உயரத் திண்ணைக்கு மாறி, கைப்பிடியோடு தாழ்வான அகலப் படிகளில் உட்கார்ந்தபடியே ஏறலாம். மேடான மண்திட்டில் சறுக்கைப் பதிக்கலாம். எதுவானாலும் சறுக்கு முடியும் இடமும் நாற்காலி நிற்கும் இடமும் பக்கத்தில் இருக்கட்டும்.

சறுக்கு எதனால் ஆனது என்பதும் முக்கியம். இரும்புச் சறுக்கு சித்திரை வெயிலில் கொதிக்கும். முதுகுத்தண்டு பாதிப்பால் கால்களில் உணர்ச்சி இல்லாத குழந்தைக்கு அந்தச் சூடு தெரியாது, கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். பிளாஸ்டிக் சறுக்கில் வேறு தொல்லை: உரசலில் நிலைமின்சாரம் உண்டாகி காக்ளியர் கருவியை (காது கேளாதவர்களுக்கு அறுவை சிகிச்சை செய்து பொருத்தும் கேட்கும் கருவி) பாதிக்கலாம் என்பதால், அதன் வெளிப்பகுதியைக் கழற்றிவிட்டுச் சறுக்கச் சொல்வார்கள். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் இந்த அறுவை சிகிச்சை செய்துகொண்ட குழந்தைகள் தமிழ்நாட்டில் படிக்கிறார்கள். கருவியைக் கழற்றிய நேரத்தில் அவர்களுக்குக் கேட்காது. கருவியை வைக்க ஒரு சின்னப் பெட்டி, சறுக்கின் கீழே இடம் காலியா என்று காட்ட ஒரு கைச்சைகை, இரண்டையும் வடிவமைப்பிலேயே சேருங்கள். விளையாட்டுக் கருவி எதுவாக இருந்தாலும் நிழல் வேண்டும். இருக்கும் வேம்பையும் புங்கையையும் வெட்டிவிட்டு மைதானம் போடாதீர்கள். வெயிலில் ரப்பர் தளமும் நன்றாகவே சூடேறும்.

இதுவரை சொன்னதில் பாதிக்கு மேல் சக்கர நாற்காலியைப் பற்றித்தான். அதோடு நின்றுவிட்டால் அதுவும் ஒரு தவறு. மாற்றுத்திறனாளிகளுக்கான இந்தியாவின் 1995 சட்டத்தில் 7 வகைக் குறைபாடுகள் இருந்தன. 2016இல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 21 வகைகளைச் சொல்கிறது. பார்வை குறைந்த குழந்தைக்கு, நடைபாதையின் குறுக்கே ஆடிவரும் ஊஞ்சல் பேராபத்து. ஊஞ்சலை ஓரத்துக்குத் தள்ளி, அதைச் சுற்றிய தரையின் தன்மையை மாற்றினால் கால் உணர்ந்துகொள்ளும். எல்லாவற்றுக்கும் கண்ணைப் பறிக்கும் வண்ணம் அடித்தால் எதுவுமே தனித்துத் தெரியாது. படியின் விளிம்பும் கைப்பிடியும்தான் பளிச்சென்று தெரிய வேண்டும். ஆட்டிசம் உள்ள குழந்தைக்குச் சத்தமும் கூட்டமும் தாங்காமல் போகும் நேரங்கள் உண்டு. அப்போது ஒதுங்க, விளையாட்டு கண்ணில் படும் தொலைவில், ஒரு அமைதியான மூலை வேண்டும். மூடிய அறை வேண்டாம்.

நல்ல மனதோடு செய்யப்படுவதால் எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு ஒன்று உண்டு. நாற்காலியோடு ஏற்றி ஆட்டும் பெரிய ஊஞ்சல் ஒன்றை வாங்கி, கம்பிவேலி போட்டு, மூலையில் வைத்துவிடுவது. எடை அதிகம் என்பதால் வேலி தேவைதான். ஆனால் மைதானத்தில் அந்தக் குழந்தைக்கென்று இருப்பது அது ஒன்றுதான் என்றால், தோழிகள் வேலிக்கு வெளியே நிற்பார்கள், அவள் தனியாக ஆடுவாள். மூன்று நான்கு பேர் சேர்ந்து படுத்து ஆடும் கூடை ஊஞ்சலும், தரை மட்டத்தில் பதித்த ராட்டினமும் நட்பை வளர்க்கும். அதிகச் செலவில்லாத வழியும் இருக்கிறது. பல்லாங்குழியைச் சக்கர நாற்காலி நுழையும் மேசையில் பதியுங்கள், முழங்கால் நுழைய மேசைக்கு அடியில் 60 சென்டிமீட்டருக்கு மேல் உயரம் விட்டு. சோழியை விரலால் எண்ணி ஆடும் விளையாட்டு அது. பார்வையற்ற குழந்தை அதில் எல்லோரையும் தோற்கடிக்கலாம்.

பாதுகாப்பு என்ற பெயரில் எல்லாவற்றையும் தாழ்வாக, மெதுவாக ஆக்குவதும் வேண்டாம். உயரமும் வேகமும் கொஞ்சம் பயமும் அவர்களுக்கும் பிடிக்கும்.

இதையெல்லாம் யாரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வது? கண்ணைக் கட்டிக்கொண்டு பத்து நிமிடம் நடந்து பார்ப்பது பள்ளிகளில் வழக்கமாகிவிட்டது. அதில் கிடைப்பது திடீரென்று பார்வை போனவரின் பயம் மட்டுமே. பிறந்ததிலிருந்து காதாலும் காலாலும் உலகை அறிந்த குழந்தையின் திறமை அதில் தெரியாது, பரிதாபம்தான் மிஞ்சும். அந்தக் குழந்தையையே வடிவமைப்புக் குழுவில் சேருங்கள். "உனக்கு என்ன வேண்டும்?" என்று பொதுவாகக் கேட்டால் பதில் வராது. "இடைவேளையில் எங்கே இருப்பாய்? யாரோடு? எதில் ஏற ஆசை?" என்று கேளுங்கள். பேசாத குழந்தை படத்தைத் தொட்டுக் காட்டும். பெற்றோர், சிறப்பாசிரியர், பிசியோதெரபிஸ்ட் ஆகியோரிடமும் பேசுங்கள், ஆனால் குழந்தைக்குப் பதிலாக அல்ல. அப்புறம், கோலப்பொடியால் முழு அளவில் மைதானத்திலேயே திட்டத்தை வரைந்து, அவர்களை அதில் போய்வரச் சொல்லுங்கள். எங்கே இடிக்கிறது, எங்கே சுற்ற வேண்டியிருக்கிறது என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

கடைசியாகப் பராமரிப்பு. பணம் முழுவதையும் கட்டுவதிலேயே செலவழித்துவிட்டால், முதல் மழைக்காலம் முடிந்ததும் ரப்பர் ஓட்டின் ஓரம் தூக்கிக்கொள்ளும், பாதையில் மணல் பரவும், ஊஞ்சல் சங்கிலி துருப்பிடிக்கும். யார் கூட்டுவது, எந்த மாதம் போல்ட்டுகளைச் சரிபார்ப்பது, உடைந்தால் எந்தக் கணக்கிலிருந்து செலவு செய்வது என்பதை எழுதி, வரைபடத்தோடு சேர்த்தே பள்ளி மேலாண்மைக் குழுவின் கூட்டத்தில் வையுங்கள். நீங்கள் பத்தாம் வகுப்பு முடித்துப் போன பிறகும் அந்தத் தாள் தலைமையாசிரியர் அறையில் இருக்க வேண்டும்.