எடைக்கருவி காட்டும் கொழுப்பு விழுக்காடு: வீட்டில் முறையாக அளப்பது எப்படி?

ஏறி நின்றால் எடையோடு உடற்கொழுப்பின் விழுக்காட்டையும் காட்டும் எடைக்கருவிகள் இப்போது பல வீடுகளில் உள்ளன. அந்தக் கருவி கொழுப்பை நேரடியாக அளப்பதில்லை என்பதை மனத்தில் இருத்திக்கொண்டால், கீழே வரும் படிகளுக்கெல்லாம் காரணம் தானே விளங்கும். அது அளப்பவை எடை, உடலின் மின்மறிப்பு (மின்னோட்டத்துக்கு உடல் தரும் தடை) ஆகிய இரண்டு மட்டுமே. பாதத்தின் கீழுள்ள உலோகத் தகடுகள் வழியாக, ஒரு மில்லியாம்பியருக்கும் குறைவான, நம்மால் உணர முடியாத மாறுதிசை மின்னோட்டம், பெரும்பாலும் 50 கிலோஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில், ஒரு காலில் ஏறி மறுகாலில் இறங்குகிறது. உப்புகள் கரைந்த நீர் நிறைந்த தசை அதற்கு எளிதில் வழிவிடும். கொழுப்பு அவ்வளவு எளிதில் வழிவிடாது. மறிப்பிலிருந்து உடல்நீரையும், கொழுப்பற்ற திசுவில் ஏறத்தாழ 73 விழுக்காடு நீர் என்ற கணக்கில் கொழுப்பற்ற எடையையும் கண்டு, அதை மொத்த எடையிலிருந்து கழித்தால் மிஞ்சுவதே கொழுப்பு. ஆகவே நீர்க்கணக்கில் நேரும் பிழையெல்லாம் கொழுப்பின் தலையில்தான் விடியும்.

பேஸ்மேக்கர் பொருத்தியவர்களும் கருவுற்ற பெண்களும் இந்த அளவீட்டைத் தவிர்க்க வேண்டும்.

படி 1: விவரங்களைப் பதிதல்

வயது, பாலினம், உயரம் ஆகியவற்றைக் கருவியிலோ செயலியிலோ பதியவும். உயரத்தைச் சுவரோரம் நின்று புதிதாக அளந்துகொள்ளவும். கணக்கில் உயரம் வர்க்கமாக வருவதால் சிறு பிழையும் பெருகும். ‘விளையாட்டு வீரர்’ என்றொரு தெரிவு இருந்தால், கடும் பயிற்சியில் இல்லாதவர்கள் அதைத் தொட வேண்டாம். ஒருமுறை அதை மாற்றிவிட்டு அதே நிமிடத்தில் மீண்டும் ஏறிப் பார்த்தேன். கொழுப்பு சட்டென்று இறங்கிவிட்டது. மாறியது சூத்திரம் மட்டுமே.

படி 2: நேரம்

காலையில் எழுந்து, சிறுநீர் கழித்த பின், காபிக்கும் குளியலுக்கும் முன்பாக அளக்கவும். படுக்கையிலிருந்து எழுந்தவுடன் ஏறாமல் பத்து நிமிடமாவது நடமாடிய பிறகு ஏறவும், ஏனெனில் படுத்திருக்கும்போது பரவியிருந்த நீர் நின்றபின் கால்களை நோக்கி இறங்குகிறது. முந்தைய இரவு கடும் உடற்பயிற்சியோ மதுவோ கூடாது.

நீர் எவ்வளவு ஆட்டிவைக்கிறது என்பதை ஒரு கணக்கால் காட்டலாம். கையிலிருந்து கால்வரை அளந்த தடைக்காக அமெரிக்க ஆய்வாளர்கள் 2003-இல் வெளியிட்ட சமன்பாடு, ஆண்களுக்கு இது:

உடல்நீர் (லிட்டர்) = 1.20 + 0.45 × (உயரம்² ÷ தடை) + 0.18 × எடை

உயரம் 170 செ.மீ., எடை 70 கிலோ, தடை 500 ஓம் எனில் உடல்நீர் 39.8 லிட்டர், அதை 0.73-ஆல் வகுத்தால் கொழுப்பற்ற எடை 54.5 கிலோ, கொழுப்பு 15.5 கிலோ, அதாவது 22.1 விழுக்காடு. இதே மனிதர் ஒரு லிட்டர் தண்ணீர் குடித்துவிட்டு உடனே ஏறினால் எடை 71 ஆகும். வயிற்றில் நிற்கும் நீர் தடையை உடனே மாற்றுவதில்லை. விடை 22.8 விழுக்காடு: பச்சைத் தண்ணீர் முக்கால் கிலோ கொழுப்பாகிவிட்டது! உயரத்தை 173 என்று பெருமைக்குக் கூட்டிப் பதிந்திருந்தாலோ 20.3 என்று வரும். உங்கள் கருவியின் சூத்திரம் வேறாக இருக்கலாம். பிழை போகும் திசை இதுவே.

படி 3: பாதம்

காலுறையைக் கழற்றி, பாதங்களை ஈரத்துணியால் துடைக்கவும். பித்தவெடிப்பும் காய்ந்த தடித்த தோலும் உள்ள குதிகால் தகட்டோடு சரியாகத் தொடர்பு கொள்ளாது. மெட்டி, கொலுசு ஆகியவை தகட்டில் படக் கூடாது.

படி 4: நிற்றல்

கருவியைப் பாயிலோ விரிப்பிலோ வைக்காமல் சமமான தரையில் வைக்கவும். முன்பாதமும் குதிகாலும் தத்தம் தகடுகளில் பதிய, அசையாமல் நிற்கவும். தொடைகள் ஒட்டினால் மின்னோட்டம் குறுக்கு வழியில் போய்விடும். இடையில் துணி இருந்தால் போதும்.

பாதத்தகடு மட்டும் உள்ள கருவியில் மின்னோட்டம் பெரும்பாலும் கால்களையும் அடிவயிற்றையுமே சுற்றிவருகிறது. கைப்பிடி உள்ள கருவி மேலுடலையும் சேர்த்துக்கொள்கிறது என்றாலும், உடல் எடையில் பாதிக்கு அருகில் வரும் நடுவுடல் மொத்தத் தடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கே தருவதால், தொப்பையைப் பற்றி இரண்டுமே நேராகச் சொல்வது குறைவு. அதற்கு இடுப்பில் சுற்றும் அளவுநாடாவே மேல் என்பது என் கருத்து.

படி 5: எண்ணைப் படித்தல்

2004-இல் லான்செட் மருத்துவ இதழில், மருத்துவ ஆய்வாளர்களான புணேயின் யாஜ்னிக்கும் லண்டனின் யுட்கினும் ஒன்றாக நின்ற படம் வெளியானது. இருவரின் உடல் நிறை குறியெண்ணும் (பி.எம்.ஐ.) 22.3, கொழுப்போ யுட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்குக்கு 21.2. ஒரு மக்கட்கூட்டத்தில் உருவான சூத்திரம் இன்னொன்றுக்கு அப்படியே பொருந்தும் என்று கொள்ள முடியாததற்கு இது நல்ல சான்று. எனவே தனி எண்ணை நம்பாமல், வாரத்தில் மூன்று நாள் அளந்து, சராசரியை ஏட்டில் எழுதி, இரண்டு மாதப் போக்கைப் பார்க்கவும். காய்ச்சல், வயிற்றுப்போக்கு, கால்வீக்கம், மாதவிடாயையொட்டிய நீர்க்கோப்பு உள்ள நாள்களைக் குறித்துவைத்துச் சராசரியிலிருந்து விலக்கவும். கருவியை மாற்றினால் பழைய எண்களோடு ஒட்டாமல், புதிய பக்கத்திலிருந்து தொடங்கவும்.