கரன்ட் இல்லாத நாளில் லேப்டாப்பை ஓட்டுவது எப்படி?

மன்னார்குடி பக்கம் பராமரிப்பு மின்தடை என்றால் காலை ஒன்பது மணிக்குப் போகிற கரன்ட் சாயங்காலம்தான் திரும்பும். கல்யாணப் பத்திரிகை டிசைன் செய்கிற எனக்கு அன்றைக்கு லேப்டாப் பேட்டரிதான் கதி. விண்டோஸ் 11-இல் நான் மாற்றி வைத்திருப்பது இரண்டே இடம்தான்.

மாற்றுவதற்கு முன் கொஞ்சம் வேடிக்கை பாருங்கள். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் பெர்ஃபாமன்ஸ், அப்புறம் சிபியு, அதாவது லேப்டாப்பின் மூளையான பிராசஸர். 'பேஸ் ஸ்பீட்' என்று அதன் அடிப்படை வேகம் ஓர் எண்ணாக இருக்கும், என்னுடையதில் 2.40 ஜிகாஹெர்ட்ஸ். அங்கேயே ஓடிக்கொண்டிருக்கும் 'ஸ்பீட்' எண், பெரிய படம் ஒன்றைத் திறந்ததும் 4-ஐத் தாண்டிவிட்டு இறங்கும். இந்தப் பாய்ச்சல்தான் டர்போ. வேகம் கூட வேண்டுமானால் மின்னழுத்தத்தையும் கூட்ட வேண்டும். அழுத்தம் இரண்டு மடங்கானால் அதனால் மட்டுமே செலவு நான்கு மடங்காகும். உச்சி வேகத்துக்கு விலை அதிகம்.

சரி, வேலைக்கு வருவோம். செட்டிங்ஸ், சிஸ்டம், பவர் அண்ட் பேட்டரி, பவர் மோடு: இங்கே 'பெஸ்ட் பவர் எஃபிஷியன்சி'.

அடுத்தது கன்ட்ரோல் பேனல். பவர் ஆப்ஷன்ஸுக்குள் போய் 'சேஞ்ச் பிளான் செட்டிங்ஸ்', அதிலிருந்து 'சேஞ்ச் அட்வான்ஸ்டு பவர் செட்டிங்ஸ்'. திறக்கும் குட்டிப் பெட்டியில் 'பிராசஸர் பவர் மேனேஜ்மென்ட்', அதற்குள் 'மேக்சிமம் பிராசஸர் ஸ்டேட்'. 'ஆன் பேட்டரி'க்கு 99, 'பிளக்டு இன்'னுக்கு 100. ஒரு சதவீதம் குறைத்தால் என்ன ஆகிவிடும் என்று தோன்றும். பெரும்பாலான லேப்டாப்களில் டர்போ அடியோடு நின்றுவிடும்! சில புது லேப்டாப்களில் இந்த வரியே தெரியாது; அவர்கள் பவர் மோடோடு நிறுத்திக்கொள்ளலாம்.

பேராசைப்பட்டு நான் ஒரு முறை 50 போட்டேன். பத்திரிகையை பிடிஎஃப் ஆக்க அது எடுத்துக்கொண்ட நேரத்தில் திரையும் மற்றதும் எரிந்து பேட்டரியைக் குடித்துவிட்டன. மதகை அரைகுறையாகத் திறந்தால் தண்ணீர் வழியிலேயே ஊறிப்போகும், கடைமடைக்கு வந்து சேராது. முறை வைத்து முழுசாக விட்டு, அப்புறம் அடைப்பது அதனால்தான். பிராசஸரும் வேலையைச் சட்டென்று முடித்தால்தான் தூங்கப் போகும்.

இப்போது சார்ஜரைக் கழற்றிவிட்டு அதே படத்தைத் திறந்து பாருங்கள். ஸ்பீட் எண் பேஸ் ஸ்பீடைத் தாண்டக் கூடாது. தாண்டினால் 'அப்ளை' அழுத்த மறந்திருக்கலாம்.